வலது மார்பின் வெள்ளை நிழல்

இதை எழுதச் சொல்லி என்னை ஒருவரும் கேட்கவில்லை. எழுதவேண்டாம் என்று மூன்று பேர் சொன்னார்கள். அவர்களில் ஒருத்தி என் தங்கை றிஸ்மியா. பெண் பிள்ளைகள் படிக்கிற பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பிக்கிற ஒருத்தி தன் மார்பைப் பற்றிக் கடதாசியில் எழுதி நாலு பேர் வாசிக்க வைப்பதா என்பது அவளுடைய கேள்வி.

வயிற்றில் கல் என்றால் ஊர் முழுக்கச் சொல்கிறோம். மார்பில் கட்டி என்றால் ‘உடம்புக்குச் சரியில்லை’ என்று நிறுத்திக்கொள்கிறோம். இப்படி மறைத்து மறைத்துத்தான் எங்கள் ஊரான மருதமுனையில் எனக்குத் தெரிந்த இரண்டு பெண்கள் மௌத்தாகி அடக்கமானார்கள். அவர்களில் ஒருத்தியின் மார்பிலிருந்த புண்ணை, மையித்தைக் குளிப்பாட்டியவர்கள்தான் முதன்முதலாகக் கண்டார்கள். குளிப்பாட்டியவர்களில் நானும் ஒருத்தி. அதனால் எழுதுகிறேன். கோபமாகத்தான் எழுதுகிறேன். கோபம் தணிந்த பிறகு எழுதலாமே என்று சொன்னவர்களுக்கு, அது தணிகிற மாதிரித் தெரியவில்லை என்பதுதான் பதில்.

யுத்தம் முடிந்த அடுத்த வருடம் அது. எனக்கு நாற்பத்தாறு வயது. ஒரு வெள்ளிக்கிழமை குளிக்கும்போது சவர்க்காரம் பிடித்த கைக்கு வலது மார்பின் மேற்பக்கத்தில் ஏதோ தட்டுப்பட்டது. புளியங்கொட்டை அளவு இருக்கும். கல்லு மாதிரி. அமுக்கினால் வலி இல்லை. வலி இல்லாததுதான் என்னைப் பயப்படுத்தியது. அன்று பின்னேரமே என் கணவர் ஜவாஹிரிடம் சொன்னேன். அவர் சவளக்கடை ஊர்ப் பக்கத்து வயல்காரர்களிடம் நெல் வாங்கிச் சிங்கள ஊர்களிலுள்ள ஆலைகளுக்கு ஏற்றுகிறவர். எந்தச் செய்தியைக் கேட்டாலும் முதலில் “பாப்பம்” என்பார். அன்று அதைக்கூடச் சொல்லவில்லை. லொறிக்காரனுக்குத் தொலைபேசி எடுத்து அடுத்த நாள் வேலை இல்லை என்றார்.

கல்முனையில் ஒரு பெண் டொக்டர் தொட்டுப் பார்த்துவிட்டு மெமோகிராம் எடுக்கவேண்டும் என்று எழுதித் தந்தார். எங்கள் பக்கத்தில் அப்போது அந்த மெஷின் கிடையாது. மலைநாட்டு நகரம் ஒன்றுக்குப் போகவேண்டியிருந்தது. விடியச் சுபஹ் தொழுதுவிட்டு வானில் ஏறினோம். யுத்தம் முடிந்திருந்தாலும் இரண்டு இடத்தில் இறக்கி அடையாள அட்டை பார்த்தார்கள். ஒரு சோதனைச் சாவடியில் என் கைப்பையை மேசையில் கொட்டி, டொக்டரின் துண்டை எடுத்து வாசித்த பெண் சிப்பாய், வாசித்து முடித்ததும் என் சாமான்களைத் தானே ஒவ்வொன்றாக உள்ளே எடுத்து வைத்தாள். அந்தப் பயணத்தில் எனக்குக் கிடைத்த மரியாதை அது ஒன்றுதான்.

மெமோகிராம் என்பது மார்புக்கு எடுக்கிற எக்ஸ்ரே. அதை எப்படி எடுப்பார்கள் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. உங்களுக்கு நான் சொல்கிறேன். இடுப்புக்கு மேல் துணி இல்லாமல் மெஷினுக்கு முன்னால் நிற்கவேண்டும். மார்பைத் தூக்கி ஒரு தட்டில் வைப்பார்கள். மேலிருந்து இன்னொரு தட்டு இறங்கி அதை ரொட்டி மாவைத் தட்டுகிற மாதிரி நசிக்கும். மூச்சைப் பிடிக்கச் சொல்வார்கள். ஒவ்வொரு மார்புக்கும் மேலிருந்து ஒன்று, சரிவாக ஒன்று என்று இரண்டு படம். நோகும், ஆனால் தாங்கலாம். நசிப்பதற்குக் காரணம் உண்டு. கொழுப்பு படத்தில் சாம்பல் நிறமாக விழும், பால் சுரப்பிகள் வெள்ளையாக விழும், கட்டியும் வெள்ளையாகத்தான் விழும். ஒன்றின் மேல் ஒன்று கிடந்தால் பிரித்துப் பார்க்க ஏலாது. தட்டையாக்கினால்தான் தெரியும். இந்த நாலு வசனத்தை அன்றைக்கு யாராவது எனக்குச் சொல்லியிருந்தால், மெஷின் கெட்டுப்போய் என்னை நசிக்கிறது என்று நினைத்துச் சத்தம் போட்டிருக்க மாட்டேன்.

நாலு படமும் எடுத்து முடிந்து நான் ஹபாயாவைப் போட்டுக்கொண்ட பிறகு, படம் எடுத்த பெண் திரும்ப வந்தாள். இடது பக்கத்தை இன்னொரு தரம் எடுக்கவேண்டும் என்று கையால் காட்டினாள். “கட்டி வலதுல” என்று தொட்டுக் காட்டினேன். அவள் தலையை ஆட்டிவிட்டு இடதைத்தான் எடுத்தாள். காரணம் சொல்லவில்லை.

ரிப்போட்டை ஓர் உறையில் ஒட்டி ஜவாஹிரின் கையில் கொடுத்தார்கள். என் பெயர் எழுதியிருந்த உறை அது. வழி நெடுக அவர் அதைச் சட்டைக்குள்ளே வைத்திருந்தார். கேட்டேன். “டொக்டர்தான் உடைக்கவேணுமாம்” என்றார்.

அடுத்ததாக ஒரு சத்திரசிகிச்சை டொக்டரிடம் போனோம். அந்த ஆஸ்பத்திரியின் பெயரையும் ஊரையும் நான் எழுதப்போவதில்லை. டொக்டர் உறையைப் பிரித்து, படங்களை வெளிச்சப் பெட்டியில் மாட்டி, வலது மார்புப் படத்தில் ஒரு வெள்ளை நிழலைப் பேனையால் சுற்றிக் காட்டினார். நிழலின் ஓரம் சீராக இல்லை. முள்ளுக் கிளம்பின மாதிரி இருந்தது. அவர் ஜவாஹிருடன் சிங்களத்தில் கதைத்தார். ஜவாஹிர் வியாபாரத்துக்காக நல்ல சிங்களம் பழகியவர். எனக்கு பஸ்ஸில் ஏறி இறங்குகிற அளவுதான் வரும். சுவரில் மணிக்கூடு இருந்தது. பன்னிரண்டு நிமிடம் அவர்கள் கதைத்தார்கள். அதில் டொக்டர் என்னைப் பார்த்துக் கேட்டது ஒன்றே ஒன்று, வயது. அதற்கும் ஜவாஹிர்தான் பதில் சொன்னார்.

மொழியைக் குறை சொல்ல நான் இதை எழுதவில்லை. பிறகு என்னைக் காப்பாற்றியவரும் சிங்களத்துப் பெண்தான். அவருக்குத் தெரிந்த தமிழ் இருபது சொல் இருக்கும். இந்த டொக்டருக்கு என் முகத்தைப் பார்க்க எந்த மொழியும் தேவைப்பட்டிருக்காது.

வெளியே வந்து ஜவாஹிரிடம் கேட்டேன்.

“என்னவாம்?”

“சின்ன ஒப்பரேசன் ஒண்டு. கட்டிய எடுக்கிற. திங்கக்கிழம வோட்டில நிக்கட்டாம்.”

“புத்துநோயாமா?”

“அப்பிடிச் சொல்லல்ல.”

“அப்ப என்ன சொன்னவர்?”

“சந்தேகமாம். பயப்பிடாத புள்ள. அல்லாஹ் இரிக்கான்.”

திங்கட்கிழமை வார்டில் சேர்ந்தேன். நீளமான அறை. ஒரு கட்டிலுக்கு இரண்டு பேர் என்று சில இடத்தில் படுத்திருந்தார்கள். எனக்குப் பக்கத்துக் கட்டிலில் இருந்த பெண் தன் வடிகுழாய்ப் போத்தலைக் கையில் தூக்கிக்கொண்டு கழிப்பறைக்குப் போய்வருவாள். அவளும் என்னைப் போல ‘சின்ன ஒப்பரேசன்’ என்று சொல்லக் கேட்டுத்தான் வந்தாளாம். சட்டைக்குள் ஒரு பக்கம் தட்டையாக இருந்தது.

செவ்வாய்க்கிழமை காலையில் கலா என்கிற மிஸ்ஸி என் இரத்த அழுத்தம் பார்க்க வந்தாள். கல்முனைத் தமிழ்ப் பகுதிப் பிள்ளை. யுத்தக் காலத்தில் எங்கள் ஆட்களும் அவளுடைய ஆட்களும் ஒருவர் தெருவுக்குள் ஒருவர் போகப் பயந்த நாட்கள் உண்டு. அவளுடைய அண்ணனை எங்கள் பக்கத்தில் வைத்து அடித்தார்கள் என்று பிறகொரு நாள் சொன்னாள். அன்றைக்கு அவள் என் கட்டில் தலைமாட்டில் கிடந்த கோப்பைப் புரட்டிவிட்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

“டீச்சர், நாளைக்கு என்ன செய்யப் போறாங்க எண்டு உங்களுக்குத் தெரியுமா?”

“கட்டிய எடுக்கிற.”

“மார்பு முழுக்க எடுக்கிறதாத்தான் எழுதியிருக்கு. கக்கத்துக்குள்ளயும். உங்கட அவர் சைன் வச்சிருக்கார்.”

அவள் இன்னும் கிட்ட வந்தாள்.

“ஊசி போட்டுத் துண்டு எடுத்துப் பாத்தவங்களா?”

“இல்ல.”

“பாக்காம எப்பிடி? நான் சொன்னன் எண்டு சொல்லிப்போடாதீங்க டீச்சர். எனக்கு வேல போகும். ஆனா நீங்க கேட்கவேணும்.”

“அந்த ரிப்போட்ட நான் பாக்கலாமா?”

அவள் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, கோப்பிலிருந்து அந்தத் தாளை உருவி என் தலையணைக்குக் கீழே வைத்தாள். பார்வையாளர் நேரத்துக்கு முன் திருப்பி வைத்துவிட வேண்டும் என்றாள்.

நான் ஆங்கிலத்தில் பரீட்சை எழுதி ஆசிரியை ஆனவள் இல்லை. ஆனால் ஒரு கணக்கைப் பார்க்கிற மாதிரி ஒரு தாளைப் பார்க்கத் தெரியும். விளங்காத சொற்களை ஒரு துண்டில் எழுதி, றிஸ்மியாவுக்குத் தொலைபேசி எடுத்து அவளுடைய மகளின் அகராதியைப் பார்க்கச் சொன்னேன். இரண்டு மணித்தியாலம் எடுத்தது. தாளில் முக்கியமாக இரண்டு வரி இருந்தன. முதல் வரி வலது மார்பைப் பற்றியது: ஓரம் சீரில்லாத நிழல். இரண்டாவது வரி இடது மார்பைப் பற்றியது: ஓரிடத்தில் கூட்டமாக மிகச் சிறிய சுண்ணாம்புப் புள்ளிகள், பெரிதாக்கிப் படம் எடுத்துப் பார்க்கவேண்டும். கீழே நாலு என்ற இலக்கம். அதற்கும் கீழே, இரண்டு பக்கத்துக்கும் தசைத் துண்டு எடுத்துச் சோதிக்கவும் என்ற பரிந்துரை.

அந்த நாலு என்ன என்று பிறகுதான் முழுமையாக அறிந்தேன். மெமோகிராம் பார்ப்பவர்கள் தாம் கண்டதைப் பூச்சியத்திலிருந்து ஆறு வரை ஓர் இலக்கத்தில் சொல்வார்கள். பூச்சியம் என்றால் இந்தப் படம் போதாது, இன்னும் எடுக்கவேண்டும். ஒன்று, ஒன்றுமில்லை. இரண்டு, ஏதோ இருக்கிறது, ஆனால் கெடுதல் இல்லாதது. மூன்று, அநேகமாகக் கெடுதல் இல்லை, ஆறு மாதத்தில் திரும்ப வா. நாலு, சந்தேகம், துண்டு எடுத்துப் பார்க்கவேண்டும். ஐந்து, பெரும்பாலும் புற்றுநோய்தான், அதையும் துண்டு எடுத்து உறுதிசெய்ய வேண்டும். ஆறு, ஏற்கெனவே உறுதியானது. எனக்கு வந்தது நாலு. நாலுக்கு எழுதியிருந்த பதில் ஊசி. அவர்கள் எடுத்தது கத்தி.

பார்வையாளர் நேரத்துக்கு ஜவாஹிர் இடியப்பமும் மீன் சொதியும் கொண்டு வந்தார். நான் பார்சலைத் தொடவில்லை.

“எதில சைன் வச்சீங்க?”

அவர் கட்டிலின் இரும்பைப் பிடித்துக்கொண்டார்.

“சொன்னா நீ பயப்பிடுவாய்.”

“அது என்ட உடம்பு, மச்சான்.”

“எடுத்தா உயிர் தப்பும் எண்டார் டொக்டர். நான் வேற என்ன செய்யிற?”

“என்ட கிட்ட கேட்கிற. அதத்தான் செய்யிற.”

அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார். “உன்ன நான் ஒரு தரம் தேடித் திரிஞ்சன் புள்ள. ரெண்டு நாள். ஒவ்வொரு மையித்தா மூடியிருந்த துணியத் தூக்கிப் பாத்தன். இன்னொரு தரம் என்னால ஏலா.”

அது உண்மை. சுனாமி அடித்த அன்று என்னைத் தண்ணீர் எங்கள் வீட்டிலிருந்து இழுத்து ஊரின் மேற்கே வயல் ஓரத்தில் போட்டது. யாரோ தூக்கிக்கொண்டுபோய் ஒரு பள்ளிக்கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். நான் எந்தப் பெயரும் சொல்லும் நிலையில் இல்லை. மூன்றாம் நாள்தான் ஜவாஹிர் என்னைக் கண்டுபிடித்தார். அந்த மனிதனின் பயம் எனக்கு விளங்கியது. விளங்கியதால் கோபம் குறையவில்லை. என்னை உயிரோடு கண்டுபிடித்தவருக்கு என் உயிரைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவில்லையே என்று அது அதிகமாகத்தான் ஆனது.

புதன்கிழமை காலை டொக்டர் வார்டைச் சுற்றி வந்தார். பின்னால் ஆறேழு பேர். கலா மிஸ்ஸியிடம் மொழிபெயர்க்கச் சொல்லிவிட்டு, ஏன் துண்டு எடுத்துப் பார்க்கவில்லை என்று கேட்டேன். இடது பக்கத்துப் புள்ளிகளுக்கு என்ன செய்வதாக உத்தேசம் என்றும் கேட்டேன். கலா ஒரு சொல் விடாமல் சொன்னாள் என்று நினைக்கிறேன். டொக்டர் சிரித்தார். பின்னால் நின்றவர்களிடம் ஏதோ சொன்னார், அவர்களும் சிரித்தார்கள். கலா எனக்கு அதை மொழிபெயர்க்கவில்லை. நான் விடாமல் கேட்ட பிறகு சொன்னாள்.

“டீச்சர்மார் எல்லாரும் இப்ப டொக்டர்மாராம். இடது பக்கத்தில ஒண்டும் இல்லையாம், வயசுக்கு வாற புள்ளியாம். இண்டைக்கு ஒப்பரேசனுக்குப் போகாட்டிக் கட்டில விடட்டாம்.”

“விடுறன் எண்டு சொல்லுங்க” என்றேன்.

சொந்தப் பொறுப்பில் போவதாக ஒரு தாளில் கையெழுத்து வாங்கினார்கள். அதற்கு மட்டும் என் கையெழுத்து செல்லுபடியாகும் போலிருக்கிறது. ரிப்போட்டையும் படங்களையும் தரமுடியாது என்றார் எழுதுவினைஞர். அந்த மேசைக்கு முன்னால் தரையில் உட்கார்ந்துவிட்டேன். ஜவாஹிர் வெட்கத்தில் வெளியே போய் நின்றார். நண்பகல் லுஹர் பாங்குக்கு முன்னால் உறை என் கைக்கு வந்தது.

வீரமாக வந்தேன் என்று நினைக்கவேண்டாம். கொழும்பில் வேறொரு டொக்டரைப் பார்க்க ஒன்பது நாள் காத்திருக்க வேண்டியிருந்தது. டொக்டர் சரியாகவும் நான் பிழையாகவும் இருந்தால், என் வாயே என்னைக் கொன்றதாகும். அந்த ஒன்பது நாளும் கட்டியை ஒரு நாளைக்கு இருபது தரம் தொட்டுப் பார்த்தேன். ஜவாஹிர் என்னோடு தேவைக்கு மட்டும் கதைத்தார். அவருடைய அக்கா, மூத்த ராத்தா வந்து இருந்துகொண்டு, “நேரத்தோட வெட்டியிருந்தா முடிஞ்சிரிக்கும். இந்த வயசில அது என்னத்துக்கு?” என்றார்.

“உங்களுக்கு எழுபது வயசு. உங்கடயக் குடுத்துப்போட்டு வந்து கதைங்க” என்றேன். அதன் பிறகு அவர் எங்கள் வீட்டில் ஒரு மாதம் கால் வைக்கவில்லை.

சப்ர் செய்யுங்கள், சப்ர் செய்யுங்கள் என்று சொல்லிக்கொண்டு பெண்கள் வந்தார்கள். பொறுமை யாருக்குத் தேவையோ அவர்களைப் பார்த்து இதைச் சொல்லமாட்டார்கள். றிஸ்மியா மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. காலையில் கஞ்சியோடு வருவாள். என் தலைக்கு எண்ணெய் வைப்பாள். பள்ளிக்கூடக் கொப்பிகளை எடுத்துத் திருத்துவாள். அவளுக்குக் கணக்கு வராது. பிழையான விடைக்கெல்லாம் சரி போட்டு வைத்திருந்தாள். நான் அதைத் திரும்பவும் திருத்தினேன். அந்த ஒன்பது நாளில் நான் நிம்மதியாக இருந்த நேரம் அதுதான்.

கொழும்புக்கு அவள்தான் என்னோடு வந்தாள். அங்கே படங்களைப் பார்க்கிற டொக்டர் ஒரு பெண். ஐம்பது வயதிருக்கும். எங்கள் இருவரையும் தன் மேசைக்குப் பக்கத்தில் இருத்தி, மொழி தெரிந்த ஒரு தாதியையும் கூப்பிட்டு வைத்துக்கொண்டார். வலது நிழலை நிறைய நேரம் பார்த்தார். பிறகு என் மார்பைத் தொட்டுப் பார்த்துவிட்டு, தன் இருபது தமிழ்ச் சொல்லில் சிலதை எடுத்துக் கேட்டார்.

“இங்க அடி? முந்தி? பெரிய அடி?”

ஒருவரும் என்னிடம் இதைக் கேட்டிருக்கவில்லை. நானும் நினைத்துப் பார்த்திருக்கவில்லை. சுனாமித் தண்ணீருக்குள் ஒரு கதவு நிலை வந்து என் நெஞ்சில் இடித்தது. வலது பக்கம். இரண்டு மாதம் கத்தரிக்காய் நிறத்தில் கிடந்தது. அப்போது ஊரில் அடக்கம் செய்ய ஆள் போதாமல் இருந்தது. என் நெஞ்சைப் பார்க்கச் சொல்லி நான் யாரிடம் கேட்பது? நான் இதைச் சொல்லச் சொல்ல றிஸ்மியா அழத் தொடங்கினாள். என் தங்கைக்கே தெரியாது.

டொக்டர் ஒரு தாளில் படம் கீறிக் காட்டினார். பலமான அடி பட்டால் மார்பின் கொழுப்பில் ஒரு பகுதி செத்துப்போகும். உடம்பு அதைச் சுற்றித் தழும்பு கட்டும். வருடங்கள் கழித்து அது கல்லாகத் தட்டுப்படும், படத்திலும் முள்ளு முள்ளாக விழும், புற்றுநோயைப் போலவே இருக்கும். “இருக்கலாம். ஊசிதான் சொல்லும்” என்றார். தாதி மொழிபெயர்த்த அந்த ‘இருக்கலாம்’ எனக்குப் பிடித்தது. தெரியாததைத் தெரியாது என்று சொன்ன முதல் ஆள்.

பிறகு இடது பக்கத்துக்கு வந்தார். பெரிதாக்கிய படங்கள் எடுத்தார். சுண்ணாம்புப் புள்ளிகள் அநேகம் பெண்களுக்கு இருக்கும், பெரிதாக, உருண்டையாக, அங்கொன்று இங்கொன்றாக இருந்தால் பயமில்லை என்றார். என்னுடையவை உப்புத் தூளை விடச் சிறியவை, ஒரே அளவில்லாதவை, ஒரு கோட்டில் வரிசையாக நின்றன. பால் வருகிற குழாயின் வழியே நிற்கிற மாதிரி. கையால் தொட்டால் தெரியாது. படத்தில் மட்டும்தான் தெரியும். அவர் முகம் மாறியதை நான் கண்டேன். வலது பக்கத்தைப் பார்த்தபோது அது மாறியிருக்கவில்லை.

வலது கட்டி இருந்த இடத்தை மருந்தால் மரத்துப்போகச் செய்து, ஸ்கேனில் பார்த்துக்கொண்டே தடித்த ஊசியால் துண்டு எடுத்தார்கள். தாள்களைக் கம்பி அடிக்கிற மெஷினின் சத்தம் வரும். ஐந்து தரம் வந்தது. இடது பக்கத்துக்கு, மெமோகிராம் மெஷினில் மார்பைப் பிடித்து வைத்துக்கொண்டு, புள்ளிகள் இருக்கிற இடம் வரைக்கும் மெல்லிய கம்பி ஒன்றை ஏற்றி, அந்தக் கம்பியைப் பிடித்துக்கொண்டு போய் அந்த இடத்தை மட்டும் சத்திரசிகிச்சையில் வெட்டி எடுத்தார்கள். இரண்டுக்கும் முன்னால் எனக்கு விளக்கினார்கள். இரண்டுக்கும் நானே கையெழுத்து வைத்தேன்.

முடிவு வர இரண்டு கிழமையாகும் என்றார்கள். ஜவாஹிர் அறுவடைக் காலத்தை விட்டுவிட்டு வந்து சேர்ந்தார். காத்திருக்கும் அறையில் எனக்கும் றிஸ்மியாவுக்கும் எதிரே உட்கார்ந்திருந்தார். பெயர் கூப்பிட்டார்கள். அவர் எழும்பவில்லை. “நீ போ” என்றார். பிறகு, “நானும் வரட்டா?” என்று கேட்டார். அந்தக் கேள்வியைக் கேட்க அவருக்கு ஒரு மாதம் பிடித்தது.

வலது மார்பிலிருந்தது செத்த கொழுப்பு. புற்றுநோய் இல்லை. இடது மார்பிலிருந்தது புற்றுநோய். ஆகத் தொடக்கத்தில் இருப்பது, பால் குழாய்க்குள்ளேயே நிற்பது, சுவரை உடைத்து வெளியே போகாதது. வெட்டிய ஓரங்கள் சுத்தமாக இருந்தன. ஐந்து கிழமை கதிர் சிகிச்சை செய்தால் போதும் என்றார்கள்.

ஜவாஹிர் அந்த இரண்டு தாளையும் கையில் வாங்கி, வலது எது இடது எது என்று விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். அன்றைக்கு அந்த வார்டில் நான் படுத்திருந்தால் நல்ல மார்பை வெட்டி எறிந்திருப்பார்கள். நோய் பிடித்த மார்போடு என்னை வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள். நான் சுகமாகிவிட்டேன் என்று ஊர் முழுக்கச் சோறு கொடுத்திருப்பார் அவர். அதை அவர் அந்த அறையிலேயே விளங்கிக்கொண்டார்.

ஒன்றை இங்கே அழுத்திச் சொல்லவேண்டும். நான் கட்டிலை விட்டு எழும்பியதைப் பார்த்து யாரும் சிகிச்சையை விட்டு ஓடவேண்டாம். நான் ஓடியது ஊசியைத் தேடி. கட்டி கண்டால் அன்றைக்கே போங்கள். நாலு என்றால் துண்டு எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டு மார்புக்கும் என்ன எழுதியிருக்கிறது என்று கேளுங்கள். பழைய படம் இருந்தால் கொண்டுபோங்கள். அடிபட்டிருந்தால் அவர்கள் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள். முடிவு வந்து வெட்டவேண்டும் என்றால் வெட்டக் கொடுங்கள்.

கதிர் சிகிச்சை முடிந்து ஊருக்கு வந்ததும் எல்லா அறிக்கைகளையும் பிரதி எடுத்து, ஒரு பக்கக் கடிதமும் வைத்து, அந்த முதல் டொக்டருக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். கிடைத்ததற்கான அட்டை யாரோ ஒருவருடைய கையொப்பத்தோடு திரும்பி வந்தது. வேறொன்றும் வரவில்லை. மேலிடத்துக்கும் எழுதினேன். விசாரிப்பதாக ஒரு வரி வந்தது. இன்னும் விசாரிக்கிறார்கள் போலும். கலா மிஸ்ஸியை வேறு வார்டுக்கு மாற்றிவிட்டார்கள் என்று கேள்விப்பட்டுப் பார்க்கப் போனேன். “அங்க வேல குறைவு டீச்சர், நல்லதுதான்” என்றாள்.

இப்போது மூன்று வருடமாகிறது. வருடத்துக்கொரு தரம் மெமோகிராம் எடுக்கிறேன். கடைசியாக வந்தது இரண்டு.

இந்த வருடம் ஜவாஹிருக்கு ஹஜ்ஜுக்குப் போகக் கிடைத்தது. போகிறவர்கள் தெரிந்தவர்களிடமெல்லாம் போய், செய்த குற்றங்குறைகளை மன்னித்துப் பொருந்திக்கொள்ளும்படி கேட்பது எங்கள் வழக்கம். ஒரு கிழமையாக வீடு வீடாகப் போனார். நெல்லில் ஈரம் என்று விலை குறைத்த வயல்காரர்களிடம் கேட்டார். சண்டை பிடித்த லொறிக்காரனிடம் கேட்டார். யார் யாருக்காக அங்கே அல்லாஹ்விடம் என்ன துஆ கேட்கவேண்டும் என்று ஒரு சிறிய புத்தகத்தில் எழுதிக்கொண்டார். புறப்படுவதற்கு முதல்நாள் பின்னேரம் அஸர் தொழுதுவிட்டு என்னிடம் வந்தார். நான் பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தேன்.

“தெரிஞ்சோ தெரியாமலோ ஏதும் செஞ்சிருந்தா பொருந்திக்கொள்ளு புள்ள.”

“தெரிஞ்சு செஞ்சத சொல்லிக் கேளுங்க.”

அவர் கீழே உட்கார்ந்தார். சொல்லிக் கேட்டார். ஒன்றையும் விடவில்லை. உறையைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டதைக்கூடச் சொன்னார். நான் அதை மறந்துபோயிருந்தேன்.

“உங்களப் பொருந்திட்டன்” என்றேன். பொய்யாகச் சொல்லவில்லை. “ஆனா அந்த டொக்டர நான் பொருந்தல்ல. அவர் என்னட்ட வந்து கேட்கவும் இல்ல. நீங்க அங்க போய் நிண்டு, நானும் அவரப் பொருந்திட்டன் எண்டு எனக்காகச் சொல்லிடாதீங்க.”

“அப்பிடி மனசில வச்சுக்கொள்ளக் கூடாது புள்ள. ஏதாவது நல்லதாக் கேட்கவேணும்.”

“அப்ப அவருக்கு ஒரு துஆ கேளுங்க. தாளைக் கடைசி வரி வரைக்கும் வாசிக்கிற பொறுமையக் குடுக்கச் சொல்லி.”

அவர் என் முகத்தைப் பார்த்தார். நான் சிரிக்கவில்லை என்று கண்டதும் புத்தகத்தை எடுத்து, என் சிவப்புப் பேனையை வாங்கி, அதை எழுதிக்கொண்டார்.